பஞ்சு மூடிய குடுவை

1

இந்தக் கதை ஒரு பஞ்சு அடைப்பிலிருந்து வந்தது. கட்டைவிரல் பருமன் இருக்கும். பஞ்சை இறுக்கி உருட்டி, மேலே வலைத்துணி சுற்றி, வெள்ளை நூலால் கட்டியது. அமீபா வளர்க்கிற இடத்தில் குடுவையின் வாயை இப்படித்தான் அடைப்பார்கள். காற்று உள்ளே போகும். பூஞ்சையும் தூசியும் போகாது. உள்ளே இருப்பவை மூச்சு விட வேண்டுமே.

ஒரு விடியற்காலையில் அந்த அடைப்பைக் கையில் வைத்திருந்தேன். எங்கிருந்து எடுத்தேன், எங்கே போட்டேன் என்பதைப் பிறகு சொல்கிறேன். உங்களைக் காக்க வைப்பதற்காக இல்லை. இப்போதே சொல்ல மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

அமீபாவுக்கு நுரையீரல் கிடையாது. ஆனாலும் அது மூச்சு விடுகிறது. அந்த மூச்சைக் கேட்பதுதான் அவளுடைய—

அடித்துவிட்டேன். அமீபாவின் மூச்சை யாரும் கேட்டதில்லை. அளக்கலாம். அளப்பவர்களுக்கு முதுகு வலிக்கும். அடுத்து:

அண்ணி குடுவையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபோது, உள்ளே மங்கலாக—

இது பரவாயில்லை. ஓர் ஆளும் ஒரு குடுவையுமாவது இருக்கிறார்கள். இதையே வைத்துக்கொள்கிறேன். ஆனால் அண்ணி யார் என்று கேட்பீர்கள்.

2

அண்ணி எனக்கு அண்ணி இல்லை. ஆய்வுக்கூடத்தில் உதவியாளர், பதினோரு வருட சர்வீஸ். அமீபாக்களுக்கு உணவுக் கரைசல் கலப்பது, குடுவை கழுவுவது, பஞ்சு உருட்டுவது, மருந்துகளைக் கரைத்து வைப்பது அவள் வேலை. அவள் கணவனின் தங்கை அதே இடத்துக்கு ஆராய்ச்சி மாணவியாக வந்து சேர்ந்தாள். வீட்டில் அண்ணி என்று கூப்பிட்டவள் இங்கே மட்டும் வேறு எப்படிக் கூப்பிடுவாள்? ஒரே வாரத்தில் அவள் எல்லோருக்கும் அண்ணி ஆகிவிட்டாள். அறுபது வயதுப் பேராசிரியரே ஒரு கூட்டத்தின் நடுவில், "அத அண்ணிகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கழற்றி நெடுநேரம் துடைத்தார். அண்ணிக்கு அப்போது முப்பத்தெட்டு.

வீட்டில் நாத்தனார் சின்னவள். குளித்துவிட்டுக் குழாயை ஒழுங்காக மூடுவதில்லை என்று காலையில் அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வாள். முக்கால் மணி நேரம் கழித்து ஆய்வுக்கூடத்தில் அவள் பெரியவள். கரைசலின் அளவு சரியா, தேதி எழுதி ஒட்டியதா என்று அண்ணியைக் கேள்வி கேட்பாள். அண்ணியும் பதில் சொல்வாள். இருவரும் ஒரே பேருந்தில்தான் வருவார்கள். அண்ணியின் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஆட்களை மேலே கீழே அனுப்பியே பழகியவன். "எந்த ஸ்டாப்ல ரெண்டு பேரும் எடம் மாத்திக்கிறீங்கன்னு சொல்லுங்க, ஒரு நாள் வந்து பாக்கறேன்" என்பான்.

(நாத்தனாரை முதல் வரைவில் திமிர் பிடித்தவளாக எழுதியிருந்தேன். கதைக்கு வசதியாக இருந்தது. நிஜத்தில் அவள் பயந்த பெண். நாலு வருட உழைப்பையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அடைத்து அதைத் தோளில் சுமந்துகொண்டே திரிந்தவள். திமிரை எடுத்துவிட்டேன்.)

3

ஆய்வுக்கூடத்தின் கடைசியில் ஒரு வெதுவெதுப்பான அறை. ஜன்னல் கிடையாது. முப்பது டிகிரி. அங்கே ஷேக்கர் என்கிற ஆட்டும் மேடையில் குடுவைகள் இரவும் பகலும் ஆடிக்கொண்டிருக்கும். ஆடினால்தான் நீருக்குள் காற்று கலக்கும். ஒவ்வொரு குடுவையிலும் லட்சக்கணக்கில் அமீபாக்கள். கண்ணுக்குத் தெரிவது கஞ்சித் தண்ணீர் போன்ற ஒரு கலங்கல். அறைக்குள் நின்றால் ஆட்டத்தின் ஓசை காதில் விழாது, உள்ளங்காலில் ஏறும். புதிதாக வருபவர்கள் பத்து நிமிடத்தில் கொட்டாவி விடுவார்கள். அண்ணி பதினோரு வருடமாகக் கொட்டாவி விடுகிறாள்.

நாத்தனார் ஆராய்ந்தது அமீபாவின் சுவாச நிறமிகளை. ஒரு செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாக்கள் என்று நூற்றுக்கணக்கில் உண்டு. பாடப்புத்தகத்தில் இழைமணி என்று இருக்கும். ஆய்வுக்கூடத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. செல்லின் அடுப்பு அதுதான். அதன் மடிப்புச் சுவர்களில் சைட்டோகுரோம் என்ற நிறமிகள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் கொஞ்சம் இரும்பு, நம் ரத்தத்தில் இருப்பதைப் போல. உணவிலிருந்து பிரிந்த எலக்ட்ரானை முதல் நிறமி வாங்கி அடுத்ததிடம் கொடுக்கும், அது அதற்கடுத்ததிடம். வரிசையின் கடைசியில் நிற்பது அதை ஆக்ஸிஜனிடம் ஒப்படைக்கும். மூச்சு என்பது அந்த ஒப்படைப்பு. (பரீட்சைக்குப் படிப்பவர்கள் இந்தப் பத்தியை நம்பிப் போக வேண்டாம்.)

ஒரு நாள் மதியம் நாத்தனார் அண்ணியைக் கூப்பிட்டு, கையடக்க ஸ்பெக்ட்ரோஸ்கோப்பைக் கொடுத்தாள். சிறிய பித்தளைக் குழல்; ஒரு பக்கம் கண்ணை வைத்தால் மறுபக்கத்து வெளிச்சம் சிவப்பு முதல் ஊதா வரை பட்டையாக விரியும். விளக்குக்கும் குழலுக்கும் நடுவில் அமீபாக்களைக் கெட்டியாகத் திரட்டிய ஒரு சோதனைக் குழாய்.

"கருப்பா கோடு தெரியுதா?"

ஒன்றும் தெரியவில்லை என்றாள் அண்ணி. அப்படியே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாள் நாத்தனார். குழாய் ஆடாமல் நின்றது. உள்ளே இருந்த காற்றை அமீபாக்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்த்தன. அப்போது பச்சை நிறத்தின் நடுவில், யாரோ பென்சிலால் இழுத்ததுபோல, ஒரு கோடு எழுந்தது. பக்கத்தில் இன்னொன்று. எலக்ட்ரானை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் நிறமிகள் கை நிறைய வைத்துக்கொண்டு நிற்கின்றன என்றாள் நாத்தனார். பிறகு குழாயைக் குலுக்கச் சொன்னாள். குலுக்கியதும் கோடுகள் போய்விட்டன.

அண்ணி மறுபடி காத்திருந்தாள். கோடு வந்தது. குலுக்கினாள். போனது. ஏழெட்டு முறை.

"அப்ப மூச்சு முட்டினாத்தான் கண்ணுக்குத் தெரியும்."

"அப்படியும் சொல்லலாம்."

"நல்லா மூச்சு விட்டுக்கிட்டு இருந்தா, இருக்கிறதே தெரியாது."

"தீசிஸ்ல அப்படியெல்லாம் எழுத முடியாது அண்ணி."

அன்று சாப்பிட்ட பிறகு அண்ணி வெதுவெதுப்பு அறையில் சுவரில் சாய்ந்தாள். கண் அயர்ந்தது. ஒரு வீட்டுக்குள் போகிறாள். அறைக்குள் அறை, சுவருக்குள் மடிந்த சுவர். ஒவ்வொரு அறையிலும் பெண்கள் வரிசையாக நின்று, சுடச்சுட ஏதோ ஒன்றைக் கை மாற்றிக் கை மாற்றிக் கொடுக்கிறார்கள். யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. இரும்பு வாசனை. வரிசையின் கடைசியில் அவளே நிற்கிறாள். ஜன்னலுக்கு வெளியே காற்று காத்திருக்கிறது. கொடுக்கக் கை நீட்டுகிறாள். யாரோ மணிக்கட்டைப் பிடித்துக்கொள்கிறார்கள். பின்னால் வரிசை முழுவதும் நின்றுபோகிறது. எல்லோரும் சூட்டைக் கையில் வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், அவள் முதுகையே பார்க்கிறார்கள்.

* இந்தக் கனவை அண்ணி கண்டாளா? கண்டாள். என்னிடம் சொன்னது, "யாரோ கையப் புடிச்சுக்கிட்டாங்க" என்ற ஒரு வரிதான். வீடும் பெண்களும் என் வேலை.

4

கையைப் பிடிப்பது சயனைடு. வரிசையில் கடைசியாக நிற்கிற நிறமியைப் பிடித்து நிறுத்திவிடும். மூச்சு நிற்கும். எலியின் மைட்டோகாண்ட்ரியாவானாலும் நம்முடையதானாலும் அதே கதி. ஆனால் சில செடிகளிலும் சில அமீபாக்களிலும் இன்னொரு வழி உண்டு. முன்வாசலை அடைத்தால் கொல்லை வழியாகப் போய்விடும். சயனைடு போட்ட பிறகும் மூச்சு ஓடும். இந்த ஆய்வுக்கூடத்து அமீபாவில், இளம் வயதில், அந்தக் கொல்லை வழி திறந்திருக்கிறது என்று காட்டுவதுதான் நாத்தனாரின் ஆராய்ச்சி.

காட்டுவது இப்படி. ஒரு சிறிய கண்ணாடிக் கிண்ணத்தில் அமீபாக்களை ஊற்றி, காற்றுப் புகாமல் மூடுவார்கள். உள்ளே மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனை ஒரு மின்முனை அளந்துகொண்டே இருக்கும். அதோடு இணைந்த பேனா, ஓடுகிற காகிதச் சுருளில் கோடு போடும். அமீபாக்கள் மூச்சு விட விட, கோடு சரிந்துகொண்டே போகும். ஊசியால் சயனைடைச் செலுத்தினால், மூச்சு நின்றவுடன் கோடு மட்டமாகிவிடும். சரிவு தொடர்ந்தால் கொல்லை வழி இருக்கிறது.

இனி அந்தச் சாயங்காலம்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அளவு. சயனைடு கரைசல் காரமாக, அதாவது அமிலத்துக்கு எதிர்க் குணத்தோடு, இருக்கும்வரை சமர்த்தாக நீரில் கிடக்கும். அளப்பதற்கு ஏற்றபடி அதன் காரத்தைத் தணித்துவிட்டால், ஆவியாகப் பறக்கப் பார்க்கும். அதனால் செலுத்துவதற்குச் சற்று முன்புதான் தணிக்க வேண்டும். தணித்தவுடன் ரப்பர் கார்க்கால் இறுக மூட வேண்டும். அண்ணிக்கு இது அத்துப்படி. ஆனால் மறுநாள் காலை மகளைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வர பதினொன்றாகும். இன்றைக்கே தணித்து இறுக மூடிவிட்டால் ஒரு ராத்திரி தாங்கும் என்று நினைத்தாள். ஹுட் என்கிற கண்ணாடிப் பெட்டிக்குள் கைவிட்டு வேலையை முடித்தாள். விஷக் காற்றை மேலே உறிஞ்சி வெளியே தள்ளுகிற பெட்டி அது.

அதற்கு முன் அவள் பதினான்கு குடுவைகளில் அமீபாவுக்கான உணவுக் கரைசலை ஊற்றி, பதினான்கையும் பஞ்சால் அடைத்திருந்தாள். மனம் பல் டாக்டரிடம் இருந்தது. கை பதினைந்தாவது குடுவையையும் பஞ்சால் அடைத்தது.

பதினோரு வருடமாக மூச்சு விடட்டும் என்று அடைத்துப் பழகிய கை. அது சயனைடையும் மூச்சு விட அனுமதித்துவிட்டது.

மறுநாள் அவள் பதினொன்றே காலுக்கு வந்தபோது, நாத்தனார் காகிதச் சுருளைத் தரையில் விரித்து, அதன் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று முறை அளந்தாயிற்று. மூன்று முறையும், சயனைடு செலுத்திய இடத்தில் அம்புக்குறி. அதற்கப்புறமும் கோடு சரிந்துகொண்டே போகிறது.

"உங்க புள்ளைங்க சாகல அண்ணி."

சொல்லிவிட்டு எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி வந்த இத்தனை வருடத்தில் நாத்தனார் அவளைத் தொட்டதே இல்லை. அண்ணி அவள் தோளுக்கு மேல் ஹுட்டைப் பார்த்தாள். உள்ளே குடுவை நின்றது. வாயில் கருப்பு ரப்பர் கார்க்.

அந்தக் கோடுகள்தான் ஆய்வேட்டில் பதினேழாம் படம் ஆயின.

* விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள்: கொல்லை வழியை அடைக்கவும் ஒரு மருந்து உண்டே, அதையும் போட்டுப் பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்குமே? தெரிந்திருக்கும். மருந்துக்கு எழுதிப் போட்டிருந்தார்கள், வரவில்லை. அதற்குள் வளர்ப்புக் குடுவைகள் அத்தனையிலும் பூஞ்சை ஏறி, எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று. படம் பதினேழு தனியாக நின்றது.

5

பஞ்சு எப்படி ரப்பர் ஆனது?

இங்கே ஓர் ஆளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டிருக்கிறேன். மூன்று வரைவிலும் எடுத்தேன். ஒரு வரைவில் அந்த வேலையைக் காவல்காரரிடம் கொடுத்தேன். இன்னொன்றில் பேராசிரியரை விடியற்காலையில் வரவழைத்தேன். பாவம், அவர் ஒன்பதுக்கு முன் எழுந்தவரே இல்லை. மூன்றாவதில் குடுவை தானாகவே ரப்பர் கார்க்குடன் நின்றது. கனவு மாதிரி இருக்கிறது என்று அதை எனக்குப் பிடித்தும் போயிற்று.

அந்த ஆள் ராத்திரி வேலைக்காரன். அமீபாக்கள் எத்தனை பெருகின என்பதை நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை எண்ண வேண்டும். அவை ஆபீஸ் நேரம் பார்த்துப் பெருகுவதில்லை. அதனால் ராத்திரி எண்ணுவதற்கு ஒருவன். அவனும் ஆராய்ச்சி மாணவனாகத்தான் சேர்ந்தான். பிறகு பாதியில் விட்டுவிட்டுப் போனான்.

நான்தான்.

விடியற்காலை ஐந்தரைக்குக் கடைசி எண்ணிக்கையை எழுதிவிட்டுக் கிளம்பும்போது ஹுட்டில் அந்தக் குடுவையைப் பார்த்தேன். மேலே சயனைடு என்று அண்ணியின் கையெழுத்து. வாயில் பஞ்சு. என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு உடனே புரிந்தது. எவ்வளவு பறந்தது, எவ்வளவு மிச்சம் என்று யாராலும் சொல்ல முடியாது என்பதும் புரிந்தது. அண்ணியை எல்லோரும் திட்டுவார்களே என்று நினைத்தேன். பஞ்சைப் பிடுங்கி ஹுட்டின் மூலையில் போட்டேன். ஒரு ரப்பர் கார்க்கை எடுத்து அழுத்தினேன். ஒரு சீட்டில் எழுதி வைக்கலாம், புதிதாகக் கரைத்துக்கொள்ளுங்கள் என்று. பேனா சட்டைப் பையிலேயே இருந்தது.

எழுதவில்லை. தூக்கம் வந்தது. பேருந்து ஐந்து ஐம்பதுக்கு.

இதைப் பெரிய மனப் போராட்டமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றரைப் பக்கம் வந்தது. கிழித்துவிட்டேன். போராட்டம் எதுவும் நடக்கவில்லை.

6

ஏழு மாதம் போயிற்று. நான் அதற்குள் அங்கிருந்து விலகி, ஒரு குளிர்பதனக் கிடங்கில் ராத்திரிக் காவலுக்குச் சேர்ந்திருந்தேன். இனி வருவதில் நான் நேரில் பார்த்தது எதுவும் இல்லை. அண்ணி போனில் சொன்னது கொஞ்சம். மீதி, அவளை எனக்குத் தெரியும் என்ற தைரியம்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கக் கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. அதைத் தாண்டினால் நாத்தனாரின் பதிவு செல்லாது. நாலு வருடமும் போகும். வெள்ளிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கும்போது அண்ணி ஹுட்டைச் சுத்தம் செய்தாள். பின் சுவருக்கும் தட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் துணியை விட்டு இழுத்தாள். துணியோடு ஒரு பஞ்சு அடைப்பு வந்தது.

நூல் முடிச்சு அவளுடையது. அவள் இடது கைக்காரி. முடிச்சு எதிர்ப் பக்கம் திரும்பியிருக்கும். இங்கே வேறு யாரும் அப்படிக் கட்டுவதில்லை. ஹுட்டுக்குள் அமீபாக் குடுவை வைப்பதும் இல்லை. விஷக் காற்று போகிற இடத்தில் யார் வைப்பார்கள்? அந்தப் பஞ்சு வந்திருக்கக்கூடியது ஒரே ஒரு குடுவையிலிருந்து.

அண்ணி அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கைக்கு நினைவு வந்தது. பஞ்சை அழுத்தும்போது முதலில் விட்டுக்கொடுத்து, பிறகு இறுகுமே, அந்த மெத்தென்ற எதிர்ப்பு. ரப்பரில் அது வராது. அந்தச் சாயங்காலம் கை உணர்ந்தது எது? பதினான்கு முறை உணர்ந்ததா, பதினைந்து முறையா?

அப்புறம் கண் முன்னால் அந்தக் கருப்பு கார்க். அதையும் தானே பார்த்தாள்.

வீட்டில் எது கெட்டுப்போனாலும் மாமியார் ஒன்று சொல்வார்: அண்ணி கை பட்டிருக்கும். ஃப்யூஸ் போனாலும், பால் திரிந்தாலும், ஒருமுறை பக்கத்து வீட்டு நாய் காணாமல் போனபோதும். எல்லோரும் சிரிப்பார்கள். அண்ணியும் சிரிப்பாள். அவள் கை பட்டு நன்றாக நடந்த ஒரே விஷயம் பதினேழாம் படம். நாத்தனார் அதைப் பெரிதாக அச்சடித்து, வீட்டுக் கூடத்தில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தாள். கீழே பேனாவில், 'அண்ணியோட புள்ளைங்க'.

பஞ்சைக் காட்டினால் நாத்தனாருக்கு மூன்று வாரத்தில் எல்லாம் தலைகீழாகும். காட்டாமல் விட்டால், சயனைடே இல்லாத தண்ணீரைச் செலுத்திவிட்டு, விஷத்தையும் தாண்டி மூச்சு விட்டது என்று ஒரு புத்தகம் அச்சாகிவிடும். அதில் அவள் தங்கையின் பெயர் இருக்கும். (கணவனின் தங்கை. முதல் தடவை எழுதும்போது 'அவள் தங்கை' என்று வந்துவிட்டது. திருத்தவில்லை.)

அண்ணி மூன்றாவது வழி ஒன்றைப் பிடித்தாள்: அதே அமீபாவை மறுபடி வளர்த்து, தானே அளந்து பார்ப்பது. உணவு தீர்ந்தால் இந்த அமீபா சாவதில்லை. தன்னைச் சுற்றி இரட்டைச் சுவர் கட்டிக்கொண்டு உள்ளே சுருண்டுவிடும். வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பூஞ்சைக்கு முந்தைய காலத்துக் குழாய் ஒன்று அவள் அலமாரியில் இருந்தது. அடியில் காய்ந்துபோன பொருக்கு. அதைச் சுரண்டிப் புதிய கரைசலில் போட்டாள். நாலாம் நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாள். ஒரு சுவரில் பொத்தல். அதன் வழியாக ஒன்று, ஆடையைத் தலைக்கு மேல் கழற்றுபவளைப் போல, மெதுவாக வெளியே வந்துகொண்டிருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால், குடுவையைச் சும்மா ஓட விட்டிருக்கிறேன் என்பாள். நாத்தனார் கேட்கவும் இல்லை. அவள் அச்சுக்கும் பைண்டிங்குக்கும் அலைந்துகொண்டிருந்தாள்.

7

எனக்குப் போன் வந்தது சமர்ப்பிப்பதற்குப் பத்து நாள் முன்பு. மதியம் பன்னிரண்டு.

"தூங்குறியா?"

"இல்ல அண்ணி."

"தூங்குறே. சரி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், அப்புறம் தூங்கு. அன்னிக்கு ஹுட்ல சயனைடு குடுவை இருந்துச்சே, படம் பதினேழுக்கு. காலைல கடைசியா நீதான் இருந்தே. அதோட மூடி பஞ்சா, ரப்பரா?"

பின்னணியில் ஷேக்கர் ஓடுவது கேட்டது. வெதுவெதுப்பு அறையிலிருந்து பேசுகிறாள். காலியான ஷேக்கரை அண்ணி ஓட விடமாட்டாள். அளந்து பார்க்க மறுபடி வளர்க்கிறாள்; எனக்கு எல்லாம் விளங்கியது.

"ரப்பர்."

"நல்லா ஞாபகம் இருக்கா?"

"நல்லா ஞாபகம் இருக்கு அண்ணி."

பஞ்சு கிடைத்ததைச் சொன்னாள். தன் முடிச்சுதான் என்றும் சொன்னாள். அது எப்படி அங்கே வந்தது என்று கேட்டாள். வேறு குடுவையுடையதாக இருக்கும் என்றேன்.

"இருக்கும்" என்றாள். பிறகு, "சாப்பிட்டுத் தூங்கு."

நான் கிளம்பும்போது அதில் இருந்தது ரப்பர்தானே, ஆகவே நான் சொன்னது பொய்யில்லை என்று மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். நாலாவது வருடம் அலுத்துப்போயிற்று.

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

8

முடிவுகள்.

(அ) அண்ணி என்னை நம்பினாள். அன்றே ஷேக்கரை நிறுத்தினாள். குடுவையை வடிகாலில் கொட்டினாள். வெள்ளிக்கிழமை நாத்தனார் சமர்ப்பித்தாள். எல்லோரும்—

வேண்டாம். நாலு நாள் காத்திருந்து முளைக்க வைத்ததை அவள் கொட்டமாட்டாள்.

(ஆ) புதன்கிழமை மதியம். நாத்தனார் பைண்டிங் கடையில் இருக்கிறாள். அண்ணி தனியாக மின்முனைக்கு முன்னால் உட்காருகிறாள். சயனைடைப் புதிதாகத் தணித்து, ரப்பர் கார்க்கை இறுக்கி, இரண்டு முறை தொட்டுப் பார்த்திருக்கிறாள். பேனா சரிகிறது. ஊசியைச் செலுத்துகிறாள். பேனா ஒரு துளி தயங்கி, பிறகு அதே சரிவில், அதே நிதானத்தில் இறங்கிக்கொண்டே போகிறது. அமீபாக்கள் நிஜமாகவே கொல்லை வழியாக மூச்சு விடுகின்றன. படம் பதினேழு தப்பான வழியில் கிடைத்த சரியான படம். அண்ணி காகிதத்தைக் கிழித்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, மூக்கைச் சிந்தி—

அழகான முடிவு. எனக்கு ரொம்ப வசதியான முடிவும்கூட. அதனாலேயே சந்தேகம்.

(இ) ஊசியைச் செலுத்துகிறாள். பேனா மட்டமாகிறது. நிமிடத்துக்கு நிமிடம் காகிதம் ஓடுகிறது, கோடு தரை மாதிரி நேராகக் கிடக்கிறது. அவள் எழுந்து பைண்டிங் கடைக்குப் போகிறாள். பசை வாசனை. நாத்தனார் அட்டையின் நிறத்தைப் பற்றிக் கடைக்காரரோடு வாதாடிக்கொண்டிருக்கிறாள். அண்ணி பஞ்சை எடுத்து மேஜைமேல் வைக்கிறாள்.

"என்ன அண்ணி இது?"

"படம் பதினேழு."

நாத்தனார் பஞ்சைப் பார்க்கிறாள், அண்ணியைப் பார்க்கிறாள். அவளுக்கு முடிச்சு தெரியும். வாய் திறந்து ஏதோ சொல்லப் போகிறாள், அப்போது கடைக்காரர் நீலமா பச்சையா என்று—

இதற்குமேல் எழுத வரவில்லை. நாத்தனார் அன்று அண்ணியைக் கட்டிக்கொண்டாள் என்பது வரைதான் எனக்குத் தெரியும். திரும்ப ஒருமுறை கட்டிக்கொள்வாளா என்பதை, அந்தக் காலையில் பேருந்தைப் பிடிக்க ஓடியவன் எப்படி எழுதுவது?

9

நூலகத்தில் அந்த ஆய்வேடு இருக்கிறது. ஆகவே எப்படியோ சமர்ப்பித்துவிட்டார்கள். போன மாதம் போயிருந்தேன். அட்டை பச்சை. முதல் பக்கத்தில் தேதி இருக்கும் என்று தெரியும். அது அந்த வெள்ளிக்கிழமையா, மறுபடி பதிவு செய்து ஒரு வருடம் கழித்தா என்று பார்த்தால் பாதி விஷயம் வெளிச்சமாகிவிடும். கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

நன்றியுரை. பேராசிரியருக்கு, பெற்றோருக்கு, அண்ணனுக்கு. 'என் அண்ணிக்கு' என்று ஒரு தனி வரி. ஏன், எதற்கு என்றெல்லாம் இல்லை. அதற்குக் கீழே: 'இரவுகளில் கண் விழித்து, ஒரு எண்ணிக்கையும் தவறாமல் எழுதித் தந்த நண்பருக்கு.'

புத்தகத்தை மூடிவிட்டேன். படம் பதினேழு அதில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கவில்லை. இருந்தால், அமீபாக்கள் என்னைக் காப்பாற்றிவிட்டன என்று கிளம்பி வந்திருப்பேன். இல்லையென்றால் கொஞ்ச நாள் என்னையே திட்டிக்கொண்டு, அதில் ஒரு சுகம் கண்டிருப்பேன். இரண்டிலும் அண்ணி கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. அவள் அமீபாவைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. மூடியைப் பற்றித்தான் கேட்டாள். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அன்று மதியமே நாத்தனாரைக் கூப்பிட்டிருப்பாள். இருவரும் சேர்ந்து உட்கார்ந்திருப்பார்கள், ஒரே பேனாவுக்கு முன்னால், கோடு எப்படிப் போனாலும். நான் அவளைத் தனியாக உட்கார வைத்தேன்.

உங்களுக்குப் பார்க்க வேண்டுமென்றால் பாருங்கள். பச்சை அட்டை. எனக்குச் சொல்ல வேண்டாம்.

10

கடைசி வரைவு. இதை அடிக்கப்போவதில்லை.

மதியம் பன்னிரண்டு. ஜன்னலில் போர்வை தொங்குகிறது. அறை பாசி படிந்த தண்ணீர் மாதிரி பச்சையாக இருக்கிறது. தலையணைக்கு அடியில் போன் அடிக்கிறது.

"தூங்குறியா?"

"ஆமா அண்ணி. இப்பதான் முழிச்சேன்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த சயனைடு குடுவையோட மூடி. பஞ்சா, ரப்பரா?"

"பஞ்சு."

"நான் வந்தப்ப ரப்பர் இருந்துச்சே."

"நான்தான் மாத்தினேன். யார்கிட்டயும் சொல்லல."

பின்னால் ஷேக்கர் ஆடுகிறது. அதன் மேல் ஒரே ஒரு குடுவை. அதற்குள் சுவரை உடைத்துக்கொண்டு வந்தவை லட்சக்கணக்கில், கஞ்சித் தண்ணீராய்ச் சுழன்றுகொண்டு, காற்றை வாங்கிக்கொண்டிருக்கின்றன. அவள் மூச்சை உள்ளே இழுப்பது எனக்குக் கேட்கிறது. பேசுவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு.

அவள் என்ன சொல்வாள் என்பதை எழுத எனக்குப் பாத்தியதை இல்லை. பேனாவைத் தூக்கிவிட்டேன். காகிதம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது, வெள்ளையாக. நீங்கள் வேண்டுமானால் இறக்கிக்கொள்ளுங்கள்.